ஃபிலெமோனி பாதிரியாரின் காகிதங்கள்

ஞாயிறு ஆராதனை முடிந்து, கல்லடுப்பில் வெந்ததையெல்லாம் வயிறு முட்டத் தின்றுவிட்டு, சவாயித் தீவே உருண்டு படுத்திருக்கும் நேரத்தில் யாரும் யார் வீட்டு வாசலிலும் போய் நிற்பதில்லை. லூசியா வந்து நின்றாள். கோவிலுக்குப் போன வெள்ளை உடுப்பிலேயே, முழங்கால் வரை புழுதியோடு, பக்கத்து ஊரிலிருந்து நடந்தே வந்திருந்தாள்.

முதலில் கண் விழித்தவன் எசேரா. பஸ் ஓட்டுகிறவன், பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய கோபம். ஞாயிறு தவறாமல் மனைவியின் அக்காள் மொயெலாங்கி வீட்டில் சாப்பிட்டுத் தூங்குவான். மொயெலாங்கி போலீசில் சார்ஜெண்டாக இருந்து ஓய்வு பெற்றவள். ஊர்க்காரர்கள் இன்னும் திருட்டு, புரட்டு என்றால் போலீசுக்குப் போகாமல் இவளிடம்தான் வருவார்கள். அவள் துப்பறிந்த கதைகளை பஸ்ஸில் உரக்கச் சொல்லிப் பெருமை அடித்துக்கொள்வது எசேராவின் வேலை.

"மொயெலாங்கி அக்காவை எழுப்புங்க," என்றாள் லூசியா. "நாளைக்குக் காலையில எங்களை ஊரை விட்டுத் துரத்தப்போறாங்க. எங்க பன்னிகளை யார் யார் வெட்டுறதுன்னு இப்பவே பேசியாச்சு."

மொயெலாங்கி எழுந்து உட்கார்ந்து, அவளுக்கு ஒரு குவளை கொக்கோவை நகர்த்தினாள். லூசியா அதைத் தொடவில்லை. அழவும் இல்லை. அவள் கண்ணில் இருந்தது கோபம்.

"ஃபிலெமோனி பாதிரியாரோட காகிதமெல்லாம் போச்சு. என் புருஷன் தோவியா எரிச்சுட்டாருன்னு சொல்றாங்க."

லூசியாவின் ஊரான மத்தாவயோலாவின் பழைய பாதிரியார் ஃபிலெமோனியை எசேராவுக்கும் தெரியும். பிரசங்கத்தைச் சுருக்கமாக முடித்துவிட்டு, கிழவர் கிழவிகளிடம் மணிக்கணக்கில் கதை கேட்கிற மனிதர். எந்த எல்லைக்கல்லை யார் நட்டது, எந்தக் குடும்பத்துக்கு எங்கே பூர்வீகம், முதன்முதலாக வேதத்தைக் கொண்டுவந்தவரை யார் எப்படி வரவேற்றது என்று ஆயுள் முழுக்க எழுதிச் சேர்த்தார். தட்டச்சு செய்து கொடுத்தது தோவியா. சபையின் நூற்றைம்பதாவது ஆண்டு விழாவில் காகிதப் பெட்டியைத் திறந்து ஊருக்கு வாசித்துக் காட்டவேண்டும் என்று சொல்லிவிட்டுப் பாதிரியார் கடல் தாண்டி அப்பியா நகரத்து ஆஸ்பத்திரியில் கண்மூடினார். தகரப்பெட்டி பாதிரியார் வீட்டிலேயே இருந்தது. நகல்களும் அதற்குள்ளேயேதான்.

"நேத்து சாயங்காலம் ஜெபத்துக்குச் சங்கு ஊதுறதுக்கு முன்னாடி புதுப் பாதிரியார் சம்சாரம் பெட்டியைத் திறந்து, பூச்சி மருந்து போட்டு மூடினாங்க. ஜெபம் முடிஞ்சு போய்ப் பார்த்தா காலிப்பெட்டி. இன்னைக்கு ஆராதனை முடிஞ்சு வெளிய வந்ததும் மூப்பர் சவேலியோ, 'தோவியா வீட்டுப் பக்கம் காகிதம் கருகின வாடை வருது'ன்னு பத்துப் பேரைக் கூட்டிட்டு வந்தார். எங்க அடுப்புல சாம்பல். பாதி எரிஞ்ச துண்டு. தட்டச்சு எழுத்து."

"தோவியா எதுக்கு எரிக்கணுமாம்?" என்றாள் மொயெலாங்கி.

"அதுல எங்க குடும்பத்தைப் பத்திக் கேவலமா இருந்துச்சாம். சவேலியோ சொல்றார், எல்லாரும் தலையாட்டுறாங்க. தலையாட்டுற எங்க ஊருக்கு எதைச் சொன்னா என்ன!"

எசேரா அதற்குள் பஸ் சாவியை எடுத்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை வண்டி எடுத்தால் ஊர்ச்சபை அபராதம் போடும். "போடட்டும்," என்றான் எசேரா.

மத்தாவயோலா பக்தியான ஊர், எல்லாரும் நல்லவர்கள். நல்லவர்கள் ஒன்றுகூடி ஒருவனை விரட்டக் கிளம்பும்போது அவர்கள் முகத்தில் வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அதைக் காணக் கண் கூசும். தோவியா வீட்டு வேலியோரம் நின்றவர்கள் எசேராவைப் பார்த்துச் சிரித்து நலம் விசாரித்தார்கள். அவன் பதில் சொல்லவில்லை.

மொயெலாங்கி நேரே அடுப்பங்கொட்டகைக்குப் போனாள். கற்கள் பரப்பிக் கிடந்தன. மேலே ஒரு வாழையிலை. அந்த இலையின் மேல் காகிதச் சாம்பலும் ஓரம் கருகிய துண்டுகளும் குவிந்திருந்தன. அவள் ஒரு குச்சியால் சாம்பலை விலக்கி இலையைப் பார்த்தாள். ஆவியில் வெந்து பழுத்திருந்ததே தவிர, எங்கும் கருகவில்லை.

"எசேரா, நீ கடைசியா எப்ப கல்லடுப்பு மூட்டினே?"

"இன்னைக்குக் காலையிலதான் அக்கா. உங்க தங்கச்சி விடுவாளா?"

"அப்ப இதைப் பார்த்து என்ன தோணுது?"

எசேரா குனிந்து பார்த்தான். விறகு கீழே, அதன்மேல் கல். எரிந்து முடிந்ததும் கொள்ளியை இழுத்துப் போட்டுவிட்டு, சூடான கல்மேல் சேம்பும் சீமைப்பலாவும் வைத்து இலை போட்டு மூடவேண்டும். மீசை முளைக்காத பையனுக்கும் தெரிந்த வேலை.

"பத்த வைக்கிறதுக்குக் காகிதம் போட்டிருந்தா சாம்பல் கல்லுக்கு அடியில இருக்கணும். இது மேல கிடக்கு. இங்கயே வச்சு எரிச்சிருந்தா இலையும் கருகியிருக்கணும். எந்த மடையன் அக்கா இதைச் செஞ்சது?"

"அடுப்புப் பக்கமே போகாத மடையன்," என்றாள் மொயெலாங்கி. "எவ்வளவோ காலமா அடுத்தவன் சமைச்சு வச்சதைத் தின்னவன்."

தோவியா வீட்டுக்குள் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். ஒல்லியான மனிதன், விரல்களை மடியில் கோத்து வைத்திருந்தான். காகிதங்களில் என்ன இருந்தது என்று மொயெலாங்கி கேட்டதும் முதலில் தலையை ஆட்டினான். விழா வரைக்கும் வாய் திறப்பதில்லை என்று பாதிரியாருக்கு வாக்குக் கொடுத்திருந்தானாம்.

"இப்ப சொல்லியும் பிரயோஜனமில்லக்கா. காகிதம் இருந்தா அது ஐயாவோட பேச்சு. காகிதம் இல்லாம நான் சொன்னா, என் குடும்பத்துக்குப் பெருமை தேடிக் கதை கட்டுறேன்னுதான் சொல்வாங்க."

"அப்ப கேவலமா ஒண்ணும் இல்ல?"

"எங்களைப் பத்தியா?" தோவியா முதல்முறையாக நிமிர்ந்தான். பிறகு தணிந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னான். லூசியாவே அதை அப்போதுதான் கேட்டாள். அவள் மூச்சு சீறுவது எசேராவுக்குக் கேட்டது.

அதில் ஒரு சின்ன விஷயமும் இருந்தது. வேதம் கொண்டுவந்த முதல் போதகர் தாஹித்திக்காரர் என்றுதான் மத்தாவயோலாவில் குழந்தை முதற்கொண்டு பாடும். ஆனால் அவர் மங்காயாத் தீவுக்காரராம். பாதிரியாருக்கே அது கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில்தான் தெரியவந்தது. பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த ஒரு மங்காயாக் கிழவி தன் வம்சக் கதையைச் சொன்னபோது அகப்பட்டது. கட்டிலோரம் உட்கார்ந்து அதைக் கேட்டு எழுதியவன் தோவியா ஒருவன்தான்.

"ஊர்ல இருந்து வேற யாரு ஐயாவைப் பார்க்க வந்தாங்க?"

"யாருமே வரல. சவேலியோகிட்ட வந்து பாருங்கன்னு சொல்லியனுப்பினேன். படகுல போனா குமட்டுதுன்னுட்டார்."

மறுநாள் காலை தலைவர்கள் சபை கூடியது. சுவரில்லாத பெரிய வீட்டில் அவரவர் தூணுக்கு அவரவர் முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பெருந்தலைவர் லெமானா. மொயெலாங்கி வேற்றூர்க்காரி என்றாலும் தன் குடும்பத்தின் தலைவர் பட்டம் பெற்றவள் என்பதால் அவளுக்கும் ஒரு தூண் கிடைத்தது. எசேராவுக்குப் பட்டமில்லை, வெளியே புல்லில் லூசியாவோடு நின்றுகொண்டான்.

சவேலியோ எழுந்தார். நல்ல பேச்சுக்காரர். ஃபிலெமோனி பாதிரியாரை நினைத்துக் கண்ணீர் விட்டார். ஊரின் ஆத்துமாவே எரிந்துபோயிற்று என்றார். மனசு கேட்காவிட்டாலும் தோவியா குடும்பம் சூரியன் சாய்வதற்குள் வெளியேறத்தான் வேண்டும் என்றார். எசேராவுக்குக் கை பரபரத்தது.

மொயெலாங்கி அனுமதி கேட்டுக்கொண்டு மெதுவாக ஆரம்பித்தாள்.

"மூப்பரே, சனிக்கிழமை சங்கு ஊதினதுக்கப்புறம் ரோட்டுல யாராவது நடந்தாங்களா?"

"நல்ல கேள்வி கேட்டே! ஜெப நேரத்துல எங்க ஊர்ல நாயைத் தவிர எதுவும் நடக்காது. காவல் நானே பார்க்கிறேன்."

"தோவியா?"

"அவனும்தான் வீட்டுல பாடிக்கிட்டு இருந்தான். எப்ப நழுவினானோ, கர்த்தருக்குத்தான் வெளிச்சம்!"

"அவர் குரல் ஊருக்கே தெரியும். பாட்டு நடுவுல நின்னிருந்தா பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். நிக்கலைன்னு அவங்களே சொல்றாங்க." அவள் சபையைச் சுற்றிப் பார்த்தாள். "சரி, நேத்து ஆராதனை நேரத்துல ஊருக்குள்ள இருந்தது யாரு?"

"யாரும் கோவிலுக்கு வராம வீட்டுல தங்கிடக் கூடாதுன்னு மூப்பர்தான் வழக்கம்போல ஒரு சுத்து வந்தார்," என்றார் ஒருவர். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது.

சவேலியோவின் கழுத்து நரம்பு புடைத்தது. "என் தலைவிதியைப் பாருங்கய்யா! ஊருக்குக் காவல் காத்த குத்தமா? யாரோ ஒரு மங்காயாக்காரன் என்னைக்கோ கரையேறினான்னு எழுதி வச்ச குப்பைக்காக, கோவிலுக்கு என் வம்சம் மண் குடுத்த ஊர்ல நின்னுக்கிட்டு ஒரு பொம்பள என்னைக் குறுக்கு விசாரணை பண்றா!"

மொயெலாங்கி பெருந்தலைவர் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, இந்த ஊருக்கு வேதம் கொண்டுவந்தவர் எந்தத் தீவு?"

"தாஹித்தி," என்றார் லெமானா. "இது என்ன கேள்வி? நேத்துக்கூடப் பாடினோமே."

"மூப்பர் மங்காயாங்கிறார்."

தூணோரங்களில் இருந்த தலைகள் சவேலியோ பக்கம் திரும்பின.

"வாய் தவறிடுச்சு," என்றார் சவேலியோ.

"தவறல. அதுதான் சரி. ஆனா அது ஐயா சாகக் கிடந்தப்ப அப்பியாவுல கேட்டது. எழுதினது தோவியா. எழுதினது போய்ச் சேர்ந்தது அந்தப் பெட்டிக்குள்ள. நீங்க ஐயாவை எட்டிக்கூடப் பார்க்கல, படகு உங்களுக்கு ஆகாது. அப்ப பெட்டிக்குள்ள இருந்தது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது மூப்பரே?"

சவேலியோ தன் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"ஜெப நேரத்துல ரோட்டுல நடந்த ஒரே ஆள் நீங்க, காகிதத்தை எடுத்ததும் நீங்கதான். எரிக்கிறதுக்கு முன்னாடி படிச்சிருக்கீங்க. ஒரு வரி விடாம படிச்சிருக்கீங்க. வீட்டுல எரிச்சு, ஆராதனை நேரத்துல சாம்பலை அள்ளிக் கொண்டுவந்து கொட்டினீங்க. உங்களுக்கு அடுப்பு வேலை மறந்துபோச்சு, இலைமேல கொட்டிட்டீங்க. இலை கருகவே இல்ல."

வெளியே இளவட்டங்களில் ஒருவன் களுக்கென்று சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பில்தான் சவேலியோ உடைந்து உட்கார்ந்தார்.

சபை உடனே கலைந்தது. யாரும் தோவியாவிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. எல்லாருக்கும் திடீரென்று தோட்டத்தில் வேலை வந்துவிட்டது. எசேராவுக்கு வந்த ஆத்திரத்தில் வேலிக்கம்பு ஒன்றைப் பிடுங்கி எறிந்தான்.

சூரியன் உச்சிக்கு வருமுன் சவேலியோவின் குடும்பம் வழக்கப்படி மன்னிப்புக் கேட்க வந்தது. தோவியாவின் வீட்டு முன்னால் புல்லில் சவேலியோ மண்டியிட்டுக் குனிந்தார். அவர் தலைக்குமேல் வம்சம் வம்சமாகப் பொத்திக் காத்த, மெல்லிசாகப் பின்னிய சன்னப்பாயைப் போர்த்தினார்கள். அவர் பிள்ளைகள் பின்னால் மண்டியிட்டார்கள். அடிபட்ட குடும்பம் வந்து அந்தப் பாயை எடுத்துவிட்டால் மன்னித்தாயிற்று. கட்டிப்பிடித்து அழுது, சேர்ந்து சாப்பிட்டு, அதோடு முடிந்துவிடும். ஊரே வந்து கூடிவிட்டது, அழுவதற்குத் தயாராக.

தோவியா நல்ல மனிதன். எழுந்து பாயை எடுக்கப் போனான். லூசியா அவன் கையைப் பிடித்தாள்.

"உக்காருங்க," என்றாள். பிறகு அவளே படியிறங்கிப் போய்ப் பாயின் முன்னால் நின்றாள்.

"மூப்பரே, காகிதத்தை எரிச்சுட்டீங்க. என் புருஷன் சொன்னா யாரும் நம்பமாட்டாங்க. இப்ப அவரை விட்டா அதையெல்லாம் படிச்ச ஆள் நீங்க ஒருத்தர்தான். உங்க குடும்பத்துக்கு எதிரா நீங்களே சொன்னா எவன் மறுப்பான்? சொல்லுங்க. அப்புறம் பாயை எடுக்கிறேன்."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. இது வழக்கமில்லை என்று ஒரு கிழவர் ஆரம்பித்தார்.

"பன்னியை வெட்டக் கத்தி தீட்டினீங்களே, அது வழக்கமா?" என்றாள் லூசியா.

எசேரா ஓடிப்போய் தோவியாவின் தட்டச்சு இயந்திரத்தைத் தூக்கிவந்து வாசலில் வைத்தான். தோவியா ஒரு தாளைச் செருகினான். வெயில் ஏறியது.

பிறகு பாய்க்குள்ளிருந்து சவேலியோவின் குரல் விட்டு விட்டு வந்தது. "எங்க பாட்டனாருக்குப் பாட்டனார்... அந்தப் போதகரைக் கல்லால அடிச்சு... கடல்ல தள்ளினார். தோவியா குடும்பத்துல ஒரு விதவைதான்... இழுத்துவந்து ஒளிச்சு வச்சா. அதுக்காக எங்க ஆளுங்க அவ வீட்டைக் கொளுத்தினாங்க. கோவில் நிக்கிறது... அவ மண்ணு. நாங்க குடுக்கல."

தட்டச்சு விசைகள் படபடத்து நின்றன. மண்டியிட்டிருந்த பிள்ளைகளில் மூத்தவன் தலையைத் தூக்கித் தகப்பன்மேல் கிடந்த பாயைப் பார்த்தான்.

"சத்தமா சொல்லுங்க," என்றாள் லூசியா. "பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கல."