திருப்பிப் போடாத பக்கம்

பனிமய மாதா திருவிழா நாட்களில் ஒரு மதியம், இரண்டரை மணி இருக்கும், நானும் ஜாய்சனும் தூத்துக்குடியில் அந்தச் சந்துக்குள் நுழைந்தோம். மேற்கிலிருந்து கச்சான் காற்று புழுதியை அள்ளி முகத்தில் அடித்தது. எல்லா வீட்டிலும் ஆட்கள் கோவிலுக்குப் போயிருந்தார்கள். பூட்டிய கதவுகள், கொடியில் படபடக்கும் துணிகள், தூரத்தில் பேண்டு சத்தம். கருவாடும் உப்பும் கலந்த வாடை கூடவே வந்தது.

"மச்சான், ஒரு பழைய ரெக்கார்டுக்கு என்னைய எதுக்கு இழுத்துட்டு வாரீய? வீட்டுல உங்க தங்கச்சி ஏழு மாசம். தனியா விட்டுட்டு வந்துருக்கேன்."

"அரை மணி நேரம் மாப்ள. வாங்குனதும் கெளம்பிருவோம்."

ஜாய்சன் என் தங்கை ஜெமியின் கணவன். துறைமுகத்தில் கன்டெய்னர் லாரிகளுக்குச் சீட்டுப் போடுகிற வேலை. நல்லவன். நான் கூப்பிட்டால் எங்கும் வந்துவிடுவான். அதுதான் தப்பாகப் போயிற்று.

என் பெயர் டேவிட்சன். பிறந்தது நாசரேத், வேலை சாகுபுரத்து ஆலையில், மீட்டர் பழுது பார்ப்பது. இதைப் போனில் இடது கையால் தட்டிக்கொண்டிருக்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். காரணம் போகப் போகத் தெரியும்.

முதலில் எனக்குப் பிடித்த பைத்தியத்தைச் சொல்லிவிடுகிறேன். எழுபதுகளின் கடைசியில் இங்கிலாந்தில் வேலை வெட்டி இல்லாத பையன்கள் கிட்டாரில் மூன்று பிடி மட்டும் கற்றுக்கொண்டு, கிடைத்த அறைக்குள் கத்தித் தீர்த்தார்கள். பங்க் என்று பெயர். பெரிய கம்பெனிகள் சீந்தாத குழுக்கள் தாங்களே முந்நூறு, ஐந்நூறு ரெக்கார்டு அடித்து, ஜெராக்ஸ் எடுத்த உறையைக் கையால் மடித்து ஒட்டி, தெரிந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டுக் காணாமல் போயின. யாருக்கும் தெரியாத குழு, யாரிடமும் இல்லாத தட்டு. இதற்காகச் சோறு தண்ணியை மறக்கிறவர்கள் உலகம் முழுக்க உண்டு. கோவில் பாடகர் குழுவில் கீர்த்தனை பாடி வளர்ந்த நானும் அதில் ஒருவன். அப்பா சாகும்வரை இதை ஒரு வியாதி என்றே சொன்னார். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

எங்கள் கூட்டத்தில் பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரு பெயரில் வந்து நிற்கும். டிரை டாக், கப்பலை ஏற்றிப் பழுது பார்க்கும் துறை என்று பொருள். ஒரே ஒரு தட்டு, 1978. முதல் பக்கத்துப் பாட்டு இரண்டு நிமிடம். பாடுகிறவன் அந்த இரண்டு நிமிடமும் மூச்சே வாங்காமல் கத்துகிறான். டேப்பை வெட்டி ஒட்டிய வேலை என்பார்கள் சிலர். இங்கிலாந்தில் ஒருவரிடம் ஒரு பிரதி இருக்கிறது. அதன் இரண்டாவது பக்கத்தை யாரோ ஆணியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி வைத்திருக்கிறார்கள். அதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அவர் உறையைப் படம் எடுத்துப் போட்டபோது பெரிதாக்கிப் பார்த்தேன். பாடியவர்: இனிகோ, டூட்டிகோரின்.

என் வீட்டிலிருந்து முக்கால் மணிப் பயணம்!

கப்பலில் வேலை பார்த்த பழைய ஆட்களிடம் நான்கு மாதம் விசாரித்தேன். அதற்குப் பிறகு ஒரு நாள் போனில் வயதான குரல் ஒன்று வந்தது.

"ரெக்கார்டு எங்கிட்டதான் இருக்கு. சும்மாவே தாரேன். உமக்குத் தங்கச்சி உண்டுமா? கல்யாணம் ஆயிட்டா? அப்ப அந்த மாப்ளயக் கூட்டிட்டு வாரும். தனியா வந்தீருன்னா கதவு தொறக்க மாட்டேன்."

குடும்பஸ்தன்தானா என்று பார்க்கிறார் போல, என்று நினைத்துக்கொண்டேன். தட்டு கிடைக்கும் என்றால் ஊரையே கூட்டிக்கொண்டு போயிருப்பேன்.

கதவைத் திறந்தவருக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். ஜேசுபாதம் என்றார். வலது கையை முஷ்டியாக மூடி, மணிக்கட்டுவரை வெள்ளைத் துணியால் இறுகச் சுற்றியிருந்தார். நான் கை நீட்டியபோது இடது கையைக் கொடுத்தார். என்னைவிட ஜாய்சனைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

வெளியே அப்படி வெயில் கொளுத்தியும் வீட்டுக்குள் ஈரமாக இருந்தது. சுவரில் இடுப்பு உயரத்துக்கு உப்புப் பூத்திருந்தது. உள்ளறையில் ஒரு பெண் குரல் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தது.

"என் தங்கச்சி ஆக்னஸ்," என்றார். "எங்கிட்டப் பேசமாட்டா. நாப்பது வருசத்துக்கு மேல ஆச்சு."

மேசைமேல் தட்டு தயாராக இருந்தது. அதே உறை, அதே கோணல் எழுத்து. உறையிலிருந்து உருவினேன். ரெக்கார்டில் பாட்டு முடிந்த பிறகு, லேபிளை ஒட்டி வழவழப்பாக ஒரு வளையம் இருக்கும். அச்சடிக்கும் முன் அதில் ஆணியால் எதையாவது கிறுக்கிவைப்பது இந்தப் பையன்களின் வழக்கம். நாங்கள் பாட்டைக் கேட்பதற்கு முன் அதைத்தான் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்போம். ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்தேன். முதல் பக்கத்தில் எண் மட்டும். திருப்பினேன். தமிழில் இரண்டு சொல்.

மச்சான் இழு.

"இனிகோ எழுதுனதா அண்ணாச்சி?"

"அவந்தான். ஆக்னஸ் மாப்பிள்ள." அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "கப்பலு அங்கன ரிப்பேருக்கு ஆறு மாசம் நின்னுருக்கு. அந்தப் பயலுவ கூடச் சேந்து பாடிருக்கான். பொறவு ஊருக்கு வந்து சங்கு குளிக்கப் போனான். ரெண்டு நிமிசம் மூச்சு புடிப்பான். இங்கன முங்குதவனுக்குக் கயிறு புடிக்கது மச்சான்தான். எதுக்குன்னு தெரியுமா?"

தெரியும். கூடப் பிறந்தவளின் தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறது. யார் விட்டாலும் அவன் விடமாட்டான்.

"ஒரு இழுப்பு வந்தா கயித்தத் தளத்தணும். ரெண்டு இழுப்பு வந்தா மேல தூக்கணும். அதான் கணக்கு. எண்பத்தொண்ணுல, காத்தே இல்லாத ஒரு நாளு. பேட்டரியில ஓடுத ரெக்கார்டுப் பொட்டிய வள்ளத்துல தூக்கிட்டு வந்துட்டான். 'மச்சான், இந்தப் பக்கம் ஓடி முடியயில நான் மேல வந்துருவேன். வாரப்ப அடுத்த பக்கம் பாடணும்'னான். முங்கிட்டான்."

உள்ளறையில் ஜெபமாலை நின்றது.

"பாட்டு முடிஞ்சிட்டு. ஆளு வரல்ல. திருப்பிப் போட ரெண்டு கையும் வேணும்லா? ஒரு நொடி. ஒரே ஒரு நொடி கயித்த விட்டேன்." அவர் துணி சுற்றிய கையைப் பார்த்தார். "ஊசிய வைக்கதுக்குள்ள கயித்தப் புடிச்சி இழுத்தா, வெறுங்கயிறுதான் வந்துது. அந்தப் பக்கத்த இன்னைக்கு வர நான் கேக்கல்ல. போடும். கேட்டுட்டுக் கொண்டு போரும்."

ஜாய்சன் என் காதருகே வந்தான். "வேண்டாம் மச்சான். எனக்கு ஒரு மாதிரியா இருக்கு. வாங்க, போவோம்."

அப்போதே எழுந்திருக்க வேண்டும். இதை எத்தனை தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டேனோ தெரியாது.

கூடவே கொண்டுவந்திருந்த சின்ன ரெக்கார்டுப் பெட்டியைத் திறந்து முதல் பக்கத்தைப் போட்டேன். டிரம் தகரத்தை அடிப்பதுபோல் அடித்தது. கிட்டார் அறுத்தது. அதற்குமேல் அந்தக் குரல், ஒரே மூச்சில், நிற்காமல், குறையாமல். அது ஒட்டுவேலை இல்லை. முடிந்தபோதுதான் நாங்கள் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது.

தட்டைக் கையில் எடுத்தேன்.

"திருப்பாத."

உள்ளறைத் திரைக்குப் பின்னாலிருந்து ஆக்னஸின் குரல். கிசுகிசுப்புத்தான். ஆனால் தெளிவாகக் கேட்டது.

"தம்பி, மாதா மேல ஆணை. திருப்பாத."

நான் கேட்டேன். கேட்டும் திருப்பினேன். உலகத்தில் யாரும் கேட்காத பக்கம் என்ற ஒரே நினைப்புத்தான் மண்டைக்குள் இருந்தது. என் பேராசைக்கு நான் வேறு யாரையும் குற்றம் சொல்லமாட்டேன்.

ஊசி இறங்கியது.

கொஞ்ச நேரம் கரகரப்பு. பிறகு அதுவும் இல்லை. வெளியே காற்றின் சத்தம் நின்றது. பேண்டு சத்தமும் நின்றது. காது அடைத்தது, ஆழத்தில் முங்கினால் அடைக்குமே, அப்படி. தேங்காய் நார் ஊறிய நாற்றம் மூக்கில் ஏறியது.

நான் ஜாய்சனைப் பார்த்தேன்.

அவன் தலைமுடி மெதுவாக எழும்பிக்கொண்டிருந்தது.

காற்றில் பறக்கவில்லை. மிதந்தது. சட்டைக் காலரும் மிதந்தது. அவன் கைகள் நாற்காலியை விட்டு மெல்ல மேலே வந்தன.

வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை.

மூக்கிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் வந்து, கீழே விழாமல், மேலே போனது.

"மாப்ள!"

என் வலது கைக்குள் ஏதோ நுழைந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை. ஈரமான, முரட்டுக் கயிறு. உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு ஓடியது. இறுக்கிப் பிடித்தேன்.

ஒரு இழுப்பு.

பொறுத்து, இன்னொன்று.

இழுத்தேன். ஒன்றுமில்லாத காற்றை இரண்டு கையாலும் வாரி வாரி இழுத்தேன். பாரம் என்றால் அப்படிப் பாரம். தோள் கழன்றுவிடும் போலிருந்தது. ஜாய்சனின் உதடு நீலமாகிவிட்டது. கண் மேலே சொருகியது. ஜெமியின் முகம் நினைவுக்கு வந்தது. யேசுவே, யேசுவே என்று கத்திக்கொண்டே இழுத்தேன். எத்தனை முழம் இழுத்தேனோ தெரியாது.

சட்டென்று ஜாய்சன் தரையில் விழுந்தான். இருமினான். வாயிலிருந்து தண்ணீர் குடம் குடமாகக் கொட்டியது. கடல் தண்ணீர். அதில் ஒரு கைப்பிடி மணலும் கிடந்தது.

தட்டு இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. ஊசி கடைசி வளையத்தில் சிக்கி, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னது. மச்சான். மச்சான். மச்சான்.

திரும்பிப் பார்த்தேன். ஜேசுபாதத்தின் கைத்துணி தரையில் கிடந்தது. நாற்பது வருடத்துக்கு மேல் வெயில் படாத உள்ளங்கை வெள்ளை வெளேரென்று விரிந்திருந்தது. நகங்கள் சதைக்குள் இறங்கிய குழிகள் நான்கு. அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, விரித்து, மடக்கி, சின்னப் பிள்ளைபோல் அழுதுகொண்டிருந்தார்.

ஆக்னஸ் திரையை விலக்கிக்கொண்டு வந்தார். மெலிந்த உடம்பு, வெள்ளைச் சேலை. ஜாய்சனைப் பார்த்தார். என் மூடிய கையைப் பார்த்தார். கடைசியில் அண்ணனைப் பார்த்தார்.

"ரெண்டாவது தடவையும் விட்டுட்டியாண்ணே?"

ஜாய்சனை ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். கடலில் விழுந்தாரா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல? என் வலது முஷ்டி திறக்கவில்லை. தசை பிடித்து இறுகியிருக்கிறது என்றார் டாக்டர். மறுநாள் ஊசி போட்டு விரல்களைப் பிரிக்கப் பார்த்தார். சுண்டு விரல் பிரிந்தது. மோதிர விரல் பிரிந்தது. அடுத்த அறையிலிருந்து நர்ஸ் அலறினாள். ஜாய்சனுக்கு மூச்சு நின்றுவிட்டது.

நான் டாக்டரைத் தள்ளிவிட்டுக் கையை மூடினேன். அவன் மூச்சு திரும்பியது.

அன்றிலிருந்து திறக்கவில்லை.

திருவிழாக் கடைசியில் மாதா சப்பரம் ஓடிய அன்று ஜேசுபாதம் இறந்துபோனார். நான் துஷ்டிக்குப் போனேன். பெட்டிக்குள் அவருடைய இரண்டு கையும் விரிந்தே இருந்தன. முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, பொறாமைதான் வந்தது. தட்டை அடுப்பில் போட்டுவிட்டேன் என்றார் ஆக்னஸ். தினமும் மூன்று மணிக்குப் போன் செய்கிறார். நலம் விசாரிப்பதில்லை.

"புடிச்சிருக்கியா தம்பி?"

"புடிச்சிருக்கேன்."

அவ்வளவுதான் பேச்சு. வைத்துவிடுவார்.

தூக்கத்தில் கை தளர்ந்துவிடுமோ என்று பயம். இப்போது ஜெமி வீட்டில்தான் தங்கியிருக்கிறேன்; படுக்கும்போது அவள் என் முஷ்டியைத் துணியால் சுற்றிக் கட்டுகிறாள். என்ன என்று அவள் கேட்டாள். சொன்னேன். நம்பவில்லை. ஆனால் முடிச்சை மட்டும் இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறாள்.

பெண் குழந்தை பிறந்திருக்கிறது. இருபது நாளாகிறது. ஜாய்சன் வேலைக்குப் போகிறான், சாப்பிடுகிறான், சிரிக்கிறான். அந்த மதியத்தில் என்ன நடந்தது என்று அவனுக்கு நினைவில்லை. அவன் மேலே வந்துவிட்டான். அந்தக் கயிற்றின் அடுத்த முனையில் இருந்தது அவன்தான், அவன் மட்டும்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். இத்தனை நாளும் கயிறு சும்மாதான் கிடந்தது.

நேற்று மதியம் ஆக்னஸ் போனை வைத்த கையோடு, நான் கூடத்தில் வந்து உட்கார்ந்தேன். எதிரே ஜாய்சன் குழந்தையை மடியில் போட்டுக் கொஞ்சிக்கொண்டிருந்தான். நன்றாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கட்டிய துணிக்குள், என் கைக்குள், கயிறு அசைந்தது.

ஒரு இழுப்பு.

பொறுத்து, இன்னொன்று.