கீறல் இல்லாத அரக்குத் தட்டு

"ஐயோ... தொடாதீங்க!"

அவன் தட்டிவிட்ட வேகத்தில், அவள் கையிலிருந்த ஸ்பிரிட் பாட்டில் ஷேர் ஆட்டோவிலிருந்து மழைக்குள் விழுந்து உருண்டது.

சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் ஏறியதிலிருந்து அவன் மடியில் ஒரு பழைய இசைத்தட்டு. எதிரே வந்த லாரி வாரியிறைத்த சேறு உறையை நனைத்து, தட்டின் மேலும் வழிந்தது. எதிர் இருக்கையில் இருந்த தங்கமாரிக்கு மனம் கேட்கவில்லை. ஒரகடத்தில் பிளாஸ்டிக் உதிரிபாகங்களைச் சோதிப்பவள். அழுக்கைக் கண்டால் ஸ்பிரிட்டைத் தேடும் கை. உதவத்தான் நீட்டினாள்...

"அரக்குத் தட்டுங்க இது. ஸ்பிரிட் பட்டா கரைஞ்சிடும்!"

"எனக்கு எப்பிடித் தெரியும்?" பெரிய கண்களில் நீர் தளும்பியது.

"இன்னா தம்பி, ஒத்தாசை பண்ண வந்த பொண்ணாண்ட எரிஞ்சி வுழற?" என்றாள் பக்கத்தில் இருந்த கேன்டீன்கார முனியம்மாள்.

தட்டு வைத்திருந்த யாக்கோபு தலைகுனிந்தான். "மன்னிச்சுக்கோங்க..."

தங்கமாரி துப்பட்டாவின் நனையாத நுனியால் தட்டை மெல்ல ஒற்றியெடுத்தாள். திட்டிய பிறகும் உதவுகிற கை... அவன் கண்ணெடுக்காமல் பார்த்தான்.

"அப்படி என்ன பாட்டு இதுல?"

ஹெட்செட்டின் ஒரு முனையை நீட்டினான். அதே தட்டிலிருந்து போனில் பதிந்த ஜாஸ். ஒரு டிரம்பெட் விம்மியது, எழுந்தது, மழையோடு ஆடியது. தங்கமாரி மூச்சுவிட மறந்தாள்.

"மறுபடி வெளியிட்ட தட்டுதான். ஆனா முதல்ல அடிச்ச அதே அச்சுல அடிச்சது. நான் கண்டுபுடிச்ச இதை, சென்னையில தட்டு சேர்க்கிற சங்கத்துல இன்னிக்குத்தான் சொல்லிட்டு வர்றேன். ஞாயித்துக்கிழமை எனக்குப் பாராட்டு!"

அவள் புருவம் சுருங்கியது. "சுத்துக்கு ஒருக்கா டக்... டக்னு கேக்குல்லா?"

"கீறல் சத்தம்."

"கீறல் எங்க?" தட்டை வெளிச்சத்தில் சாய்த்து, விரல்நுனியால் வருடினாள். "எங்க லைன்ல, கோடு மேடா இருந்தா அச்சுல கீறல். பள்ளமா இருந்தா பீஸ்ல கீறல். இதுல ரெண்டுமே இல்ல. அப்போ கீறல் வேற தட்டுல. அதை ஓடவிட்டு, அந்தச் சத்தத்துல இருந்து புது அச்சு செஞ்சிருக்காவ."

"தட்டுல பொறிச்சிருக்கிற அச்சு நம்பர் அதே பழைய நம்பருங்க!" குரல் சுள்ளென்றது.

"நம்பர யாரும் பொறிக்கலாம்லா?"

ஒரகடம் வந்தது. அவள் இறங்கி நடந்தாள். வாயை மூடியிருக்கலாமோ...

ஆட்டோவில் யாக்கோபு முகம் சிவக்க உட்கார்ந்திருந்தான். சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? கர்த்தருக்குத் தெரியும். அப்புறம்... துப்பட்டாவில் சேற்றுக்கறையோடு போகிற அவளுக்கும்.

"அண்ணே, நிறுத்துங்க!"

தட்டைச் சட்டைக்குள் அணைத்தபடி ஓடினான். காதில் போன்.

"சார், யாக்கோபு பேசறேன். நான் சொன்னது தப்பு. அது வேற தட்டுல இருந்து எடுத்த நகல். பாராட்டெல்லாம் வேணாம் சார்... கண்டுபுடிச்சது நானில்ல... ஒரு நிமிஷம்." மூச்சிரைக்க அவள்முன் நின்றான். "ஏங்க, உங்க பேரு இன்னா?"

"தங்கமாரி..."

அந்தப் பெயரை அவன் போனில் எவ்வளவு மரியாதையாகச் சொன்னான்! அவளுக்குக் கன்னம் சூடானது.

"ஞாயித்துக்கிழமை நீங்களே வந்து விளக்கணும்" என்றான். பிறகு மெல்ல, "தட்டுக்காக மட்டும் கூப்பிடல... உங்களைப் பிடிச்சிருக்குங்க."



"ஞாயித்துக்கிழமை எனக்கு ஓ.டி. வேலை இருக்கு" என்றாள்.

அவன் முகம் வாடியது. அதைப் பார்த்தபின் அவளால் சிரிப்பை மறைக்க முடியவில்லை.

"வேண்டாம்னு சூப்பர்வைசர்ட்ட சொல்லிருதேன்... ஆனா எனக்கு ஒரு ஸ்பிரிட் பாட்டில் வாங்கித் தரணும், ஆமா!"