ஏலாம் கோயிலின் செங்கல் மனிதன்

அந்தப் படத்தைப் பார்த்து அகத்தா சிரித்திருக்கவே கூடாது.

1982. செமிலிங் பக்கம் ஒரு மண்டபம். பழங்கோயில்களைத் தோண்டியெடுக்கும் குழுவில் வேலை செய்த கென்னத், பள்ளி ஆசிரியர்களுக்குப் படம் காட்டிக்கொண்டிருந்தான். மூவாயிரம் ஆண்டுக்கு முந்தைய ஏலாம் தேசத்துக் கோயில் சுவர்... பேரீச்சை மரத்தருகே மனித முகமும் மாட்டுக் கால்களுமாய் ஒரு காவல் தெய்வம். அத்தனையும் செங்கல்!

பின்வரிசையில் களுக்கென்று ஒரு சிரிப்பு.

கூட்டம் முடிந்ததும், பஸ் நிறுத்தத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றவளைப் பிடித்தான்.

"என்ன டீச்சர், அவ்ளோ சிரிப்பா லா?"

"சாரி சார்... எங்க ஹெட்மாஸ்டர் மாதிரியே இருந்துச்சு!"

அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மழைத்துளி தங்கிய இமைகள்... அதற்குள்ளே குறும்பாய் இரண்டு கண்கள்.

"அத எப்படி சார் செஞ்சாங்க?"

"வரிசைக்கு ஒரு அச்சு. மொகம் ஒரு கல்லு, நெஞ்சு ஒரு கல்லு... சுட்டு அடுக்குனா ஆளு எழுந்து நிப்பான்."

"நடுவுல கல்லு மாறிப் போச்சுன்னா?"

"நெஞ்சுல முட்டி மொளைக்கும்!"

பஸ் வந்தது. இருவரும் ஏறவில்லை...

பிறகு பல சனிக்கிழமைகள். ஏலாமில் தொடங்கும் பேச்சு எங்கெங்கோ போகும். காதல் என்ற சொல்லை மட்டும் இருவரும் தொடவில்லை.

ஒருநாள் கென்னத், அவளிடம்கூடச் சொல்லாமல், சுங்கை லாலாங்கிலிருந்த அவள் வீட்டுக்குப் போய்ப் பெண் கேட்டான். அவள் அப்பா இஞ்ஞாசிமுத்து காப்பி கொடுத்தார். அவன் தாத்தாவின் ஊரை விசாரித்தார். சாதி தெரிந்துவிட்டது.

"சர்ச்சுல பூசை ஒண்ணுதான் தம்பி. ஆனா ஒங்க வீட்டுல நாங்க கை நனைக்க மாட்டோம்."

கென்னத், கதவோரம் நின்ற அகத்தாவைப் பார்த்தான். ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை! அவள் தரையையே பார்த்திருந்தாள். என்னைக் கேட்காமல் ஏன் வந்தார் என்ற கோபம் பாதி, அப்பாவிடம் பயம் பாதி.

காப்பியைத் தொடாமல் அவன் போய்விட்டான்.

வந்த வரன்களையெல்லாம் அகத்தா தட்டிக் கழித்தாள். இரண்டு வருடம் கழித்து, "கட்டுனா அவரத்தான்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, கென்னத் குடிபோயிருந்த அலோர்ஸ்டாருக்குப் பஸ் ஏறினாள். அங்கே மெர்கோங் பகுதியில் அவன் வாடகை வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"சார்... எனக்கு உங்கள பிடிக்கும். வீட்டுல சொல்லிட்டேன். அன்னிக்கே சொல்லிருக்கணும்..."

அவன் கண்கள் கலங்கின.

"எனக்கும் உன்னத்தான் பிடிக்கும் அகத்தா. இன்னும்தான். உங்கப்பா பேசுனதக்கூட மறந்துட்டேன்... நீ பேசாம நின்னத மறக்க முடியல. கட்டிக்கிட்டா தெனமும் அதத்தான் பாப்பேன். வேணாம் லா."

அவள் கெஞ்சவில்லை.

"சரி... கென்னத்" என்றாள்.

அவன் பெயரை அவள் சொன்னது அதுவே முதல்முறை.