கல்மலையைச் சுற்றிய தடம்

காலை 9.40. வேங்கிக்கால் பட்டறையில் மேசை மேல் இருந்த மலையைக் காணோம்.

உள்ளங்கை அளவுக் கருங்கல் மலை. அண்ணாமலையைச் சுற்றி வந்தால் ஒன்று முதல் ஐந்து சிகரம் வரை தெரியும் என்பார்களே, அதை அப்படியே செதுக்கிய பகடை. உருட்டினால் மேலே நிற்கும் பக்கத்துச் சிகரங்களே எண். ஆளுக்கொரு வேடம் ஏற்றுக் கதை வளர்க்கும் வெளிநாட்டு மேசை விளையாட்டு ஒன்றுக்கு, வெளியாரும் பொருள் செய்து விற்க உரிமம் தருகிறார்கள். அவர்கள் படத்தையும் முத்திரையையும் தொடக் கூடாது. கற்பனை சொந்தமாக இருக்க வேண்டும். உரிமம் கேட்கும் விண்ணப்பமும் விளையாடிக் காட்டும் வீடியோவும் இன்று மாலை ஐந்துக்குள் போய்ச் சேர வேண்டும். இதை நம்பித்தான் இனியா சென்னை வேலையை உதறிவிட்டு வந்து இந்தப் பட்டறையைத் தொடங்கியிருந்தாள்.

10.25. இனியாவின் புகாரின் பேரில் வந்த சப்-இன்ஸ்பெக்டர் அறிவுமதி வாசலிலேயே நின்றுவிட்டார். தரையெல்லாம் கல்தூள், கூரான சில்லுகள். தூளில் வெறுங்கால் தடம். மலை இருந்த மூலை வாசலுக்கு வலப்பக்கம் இரண்டே எட்டு. தடமோ இடப்பக்கம் போய், மேசையை முழுதாகச் சுற்றி அங்கே வந்திருந்தது. பக்கத்தில் இருந்த கேமராவை யாரும் தொடவில்லை.

சாவி இன்னும் இருவரிடம் இருந்தது: கல் செதுக்கும் சுஹைல், பெட்டி செய்யும் அன்பரசன். விண்ணப்பத்தில் தன் பெயரும் வேண்டுமென்று சுஹைல் நேற்றுதான் சண்டை போட்டிருந்தான். இனியாவின் சந்தேகம் முழுக்க அவன் மேல்.

11.10. இருவரும் வந்தார்கள். சுஹைல் செருப்போடு விறுவிறுவென்று உள்ளே போனான். அன்பரசன் வலது குதிகாலை ஊன்றாமல் வாசலில் நின்றார்.

அறிவுமதி அவரிடம் திரும்பினார். "காலைக் காட்டுங்க."

குதிகாலில் புதுக் காயம்.

"சில்லு குத்தும்னு இங்க யாரும் செருப்பைக் கழட்ட மாட்டாங்க. திருட வந்தவரு கழட்டியிருக்காரு. எடுக்கறதுக்கு முன்னாடி வலம் வந்திருக்காரு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுத்துவீங்களா?"

"முப்பது வருஷமா." அன்பரசன் தோள்பையை அணைத்துப் பிடித்தார். "நேத்து உருட்டிப் பாத்தாங்க. மலை தலைகீழா விழுந்துச்சு. மனசு தாங்கல மேடம்."

தோள்பையிலிருந்து, துண்டில் சுற்றிய மலையை இரு கைகளாலும் எடுத்துக் கொடுத்தார். கீழே வைக்கக்கூட அவருக்கு மனம் வரவில்லையாம்.

இனியாவுக்குக் கோபம் வரவில்லை, உடம்பு சிலிர்த்தது. விற்பதற்குச் செய்த பொருளை, திருட வந்தவர் கும்பிட்டுச் சுற்றியிருக்கிறார். புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். சுஹைலிடம் மன்னிப்புக் கேட்டாள். அவன் மலையையே பார்த்தபடி சொன்னான்:

"அதை ஏன் உருட்டணும்? அது பாட்டுக்கு இருக்கட்டும். நாம சுத்துவோம்."

மாலை 4.50. வீடியோவில் மலை நடுவே அசையாமல் இருந்தது. சாதாரணப் பகடை சொன்னபடி காய்கள் அதை வலம் வந்தன. காய் நின்ற இடத்திலிருந்து தெரிந்த சிகரங்களே அந்த ஆளின் பலம். மூன்று பேர் பெயரோடு விண்ணப்பம் போனது.

பத்தாம் நாள் உரிமம் வந்தது. அது கிடக்கட்டும். அன்று மாலை தரையைப் பெருக்கியபின் மலையை எடுத்து வைக்க வந்தாள் இனியா. வலப்பக்கம் இரண்டே எட்டு. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு இடப்பக்கமாக நடந்தாள்.