டோரீன் பெயருக்கு வந்த பதில்

செத்துப் பிழைத்தவன் கண்ணைத் திறந்ததும் தண்ணீர் கேட்பான், பெண்டாட்டியைக் கேட்பான், கொஞ்சம் விவரமான ஆளாக இருந்தால் சிகரெட் கேட்பான். முனியாண்டி இதில் எதையும் கேட்கவில்லை. தகரக் கூரையில் மழை கொட்டுகிற இரைச்சலுக்கு நடுவே, தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கிற டிரெசர் மைக்கேல்ராஜின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு, "டோரீன் அம்மா வீட்டுலதான் இருக்காங்களா ஐயா?" என்று கேட்டான்.

டோரீன் டிரெசரின் மனைவி. தோட்டத்து ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவள். அன்றைக்குச் சளி என்று லீவு போட்டுவிட்டு, ஆறு வயது மகள் ரீட்டாவோடு வீட்டில் இருந்தாள். வழியில் பார்த்தால் ஒரு கும்பிடு. அதற்கு மேல் அவளுக்கும் முனியாண்டிக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

"இருக்கா. ஏன்டா?"

"சும்மாதான் ஐயா."

மைக்கேல்ராஜ் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தரையில் கால் பாவாமல் மிதந்துகொண்டிருந்த மனிதருக்கு இதெல்லாம் எப்படிக் காதில் விழும்? எழுபத்தொன்பதாம் வருஷத்து நவம்பர் மழை அது. சரிவில் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்த முனியாண்டிக்கு அருகில் அன்று காலை இடி விழுந்தது. தூக்கி வந்தபோது நாடியும் இல்லை, மூச்சும் இல்லை. டிரெசர் அவன் நெஞ்சை அழுத்திய அழுத்தில் தோட்டத்து ஆஸ்பத்திரியின் நான்கு கட்டில்களும் கூத்தாடின. விலா எலும்பு முறிந்த சத்தம் ஃபேக்டரி வரைக்கும் கேட்டதாம். கடைசியில் முனியாண்டி ஒரு இருமல் இருமினான். கண் திறக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. செய்தி லோரி ஏறிப் பக்கத்து ஊரான பிரிஞ்சாங் போய்ச் சேர்ந்தபோது, ஊர் வாயில் அவன் செத்து ஒரு முழுநாள் ஆகியிருந்தது. தானா ராத்தா மார்க்கெட்டை எட்டியபோது குழியில் பாதி மண்ணே தள்ளிவிட்டார்கள்.

"எங்கடா போயிட்டு வந்த, சொல்லு பார்ப்போம்," என்று டிரெசர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

"பெரட்டுக்குப் போயிருந்தேன் ஐயா."

விடியுமுன் ஆட்களை வரிசையாக நிறுத்திக் கங்காணி பெயர் கூப்பிடுவதுதான் பெரட்டு. பக்கத்தில் நின்ற முனியாண்டியின் மனைவி மணியம்மா அழுத கண்ணோடு சிரித்துவிட்டாள். "கேட்டீங்களா லா! செத்தும் வேலைக்குப் போன மனுசன் இவரு ஒருத்தருதான். உசுரோட இருக்கறப்ப தெனம் நான் உதைச்சு எழுப்பணும்."

டிரெசரும் சிரித்தார். "மூளைக்கு ரத்தம் போகலன்னா அது தனக்குத் தெரிஞ்ச படத்தை ஓட்டும், மணியம்மா. இவன் முப்பது வருஷமா பெரட்டுல நின்னவன், அதனால பெரட்டு ஓடுது. சாமியாரா இருந்தா தேவதூதரு வந்திருப்பாரு. பஸ் கண்டக்டரா இருந்தா அங்கயும் டிக்கெட் கிழிச்சிருப்பான். ஆவியும் இல்ல, அந்த லோகமும் இல்ல. எல்லாம் இந்த மண்டைக்குள்ள."

முனியாண்டி சிரிக்கவில்லை.

"ஒரே பனி ஐயா. வரிசை வரிசையா ஆளுங்க, முதுகுல கூடை. எல்லாரும் நம்ம தோட்டத்துல செத்தவங்க. போய்ச் சேர்ந்த சின்னையா கங்காணி முதுகைக் காட்டிக்கிட்டு நின்னு பேரு கூப்பிடறாரு. என் பேரு வந்துச்சு, இருக்கேங்கன்னேன். அடுத்தாப்ல டோரீன்னு கூப்பிட்டாரு. யாரும் பதில் சொல்லல." போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டான். "பழக்க தோசம் ஐயா. வந்துக்கிட்டிருக்காங்கன்னு நான் சொல்லிட்டேன்."

மணியம்மாவின் சிரிப்பு நின்றது. எல்லாத் தோட்டத்திலும் இருக்கிற பழக்கம்தான். யாராவது வரத் தாமதமானால் கூலி போய்விடக் கூடாதென்று வரிசையில் நிற்கிற ஒருவர் பதில் கொடுத்துவிடுவார். கங்காணியும் தெரியாதது போல இருந்துவிடுவார். ஆனால் பதில் கொடுத்தவர் லயத்து வீட்டுக்கு ஓடி, லோரி கிளம்புவதற்குள் அந்த ஆளை இழுத்து வந்துவிட வேண்டும்.

"உன்னக் கொண்டாந்தது நான்டா," என்றார் மைக்கேல்ராஜ். குரல் தேவைக்கு மேல் உயர்ந்திருந்தது. "இந்த ரெண்டு கை."

"கை பட்டது தெரியுது ஐயா, நெஞ்சு வலிக்குது. ஆனா அனுப்பினது அவருதான்." முனியாண்டி ஜன்னல் பக்கம் பார்த்தான். "போய்க் கூட்டிட்டு வான்னாரு. நேரமாச்சு."

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் செய்ய டிரெசர் அடுத்த அறைக்குப் போனார். காலையில் எலும்பை முறித்த அதே விரல்கள் இப்போது இரண்டு தடவை தப்பு நம்பரைச் சுற்றின. மூளை, என்று சொல்லிக்கொண்டார். ரத்தம் போகாத மூளை. திரும்பி வந்தபோது கட்டில் காலியாக இருந்தது.

"ஒண்ணுக்குப் போறேன்னாரு ஐயா," என்றாள் மணியம்மா.

பின்கதவு திறந்திருந்தது. டெட்டால் வாடையைத் தள்ளிக்கொண்டு பனி உள்ளே வந்துகொண்டிருந்தது.

மோட்டார் சைக்கிள் கிளம்பவில்லை. ஓடினார். மழை விட்டிருந்தது, ஆனால் மலையே ஒரு பெருமூச்சு விட்டதுபோல் பனி இறங்கி, சாயங்கால வெளிச்சத்தைக் குடித்துவிட்டு, நீட்டிய கையை முழங்கையோடு விழுங்குகிற அளவுக்குக் கெட்டியாகி, தேயிலைச் செடிகளைக் குனிந்து நிற்கிற முதுகுகளாக மாற்றியிருந்தது. ஈரமண்ணும் பச்சைக் கொழுந்தும் கலந்த வாடைக்கு நடுவே, பல நாள் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்ததுபோல் வேறொரு வாடை வந்து வந்து போனது. இரண்டு பக்கமும் இலைகள் உரசின. காற்று இல்லை. அவர் நின்றால் உரசலும் நின்றது.

அப்போது மணி அடித்தது.

பெரட்டு மணி. தொங்கவிட்ட தண்டவாளத் துண்டில் இரும்பு மோதுகிற சத்தம். விடியற்காலையில் மட்டும் அடிக்கிற மணி.

வரிசைகளுக்குள்ளிருந்து யாரோ பெயர் கூப்பிட்டார்கள். எந்தப் பெயர் என்று கேட்கவில்லை. கேட்க அவர் விரும்பவும் இல்லை. காதைப் பொத்திக்கொண்டு ஓடினார்.

வீடு. சமையலறையில் விளக்கு. எண்ணெய் கருகுகிற வாடை. வாசல்படியில் வெள்ளைத் துணி.

முனியாண்டி, ஆஸ்பத்திரிப் போர்வையைப் போர்த்திக்கொண்டு, வீட்டுக்கு வந்த விருந்தாளிபோல் பணிவாக நின்றான்.

"சொல்லிட்டேன் ஐயா," என்றான். பாரம் இறக்கிய குரல். அப்படியே மடங்கி விழுந்தான்.

டிரெசர் அவனைத் தாண்டினார். நாடிகூடப் பார்க்காமல் தாண்டிவிட்டார். அடுப்படியில் டோரீன் கிடந்தாள். கழுத்தில் நாடி இல்லை. மூக்கில் மூச்சு இல்லை. முகத்தில் வலி இல்லை. யாரோ கூப்பிட்டுத் திரும்பிப் பார்த்த முகம்.

மண்டியிட்டார். இரண்டு கைகளையும் அவள் நெஞ்சில் வைத்தார். அழுத்தினார்.

மூளை. ரத்தம். இயேசுவே. மூளை. ரத்தம். இயேசுவே.

"வா புள்ள. வந்துடு."

அழுத்தினார். எதுவும் இல்லை. காலையில் ஒருவன் வந்தானே. இதே கைகளால் வந்தானே.

காலையில் வந்தவன்.

கை ஒரு கணம் நின்றது. இவள் வந்தால்? வந்தால், யார் பெயருக்குப் பதில் கொடுத்துவிட்டு வருவாள்?

மறுபடி அழுத்தினார். அழுத்தாமல் இருக்க எந்தப் புருஷனால் முடியும்?

டோரீன் இருமினாள்.

கண்கள் திறந்தன. அவர் முகத்தின் மேல் நிற்காமல், அவர் தோளுக்கு மேலே நழுவி, உள்ளறைத் திரையில் போய் நின்றன.

"டோரீன். டோரீன், என்னப் பாரு."

"ரீட்டா எங்க?"

எந்தத் தாயும் கேட்கிற கேள்வி. மயக்கம் தெளிந்த எந்தத் தாயும் முதலில் கேட்கிற கேள்வி. அப்படித்தான் நினைத்தார். நினைத்துக்கொண்டே அவள் வாயைப் பொத்தக் கையை எடுக்கப் போனார். எடுக்க முடியவில்லை. டோரீனின் விரல்கள் அவர் மணிக்கட்டுகளைப் பிடித்து, அவர் உள்ளங்கைகளைத் தன் நெஞ்சோடு அமர்த்தி வைத்திருந்தன.

"ரீட்டா," என்று அவள் கூப்பிட்டாள். மென்மையாக. "வாடா கண்ணு. நேரமாச்சு."

"இதோ வரேம்மா!"

உள்ளறையில் சின்னப் பாதங்கள் தரையில் இறங்கின. திரை அசைந்தது. டோரீன் சிரித்தாள்.

அவர் உள்ளங்கைகளுக்கு அடியில், அவள் நெஞ்சு துடிக்கவே இல்லை.