தூங்குமூஞ்சியும் முள்ளம்பன்றியும்

அவளுடைய உண்மையான பெயர் பள்ளிக்கூடத்தில் மட்டும்தான் புழக்கத்தில் இருந்தது. வீட்டிலும் தெருவிலும் எல்லாருக்கும் அவள் ‘ஸ்க்ரூ’. சட்டைப்பையில் எந்நேரமும் ஒரு குட்டி ஸ்க்ரூடிரைவர் இருக்கும். “உனக்கு ஒரு ஸ்க்ரூ லூசு” என்று யாராவது கிண்டல் செய்தால், “எங்கேன்னு காட்டுங்க, டைட் பண்ணிடறேன்” என்று கையை நீட்டுவாள்.

அவளிடம் ஒரு பழைய லேப்டாப் இருந்தது. ரிப்பேர் கடைக்காரர் இனி தேறாது என்று மூலையில் போட்டிருந்ததைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வந்து, தூசி தட்டி, மெமரி மாற்றி உயிர் கொடுத்திருந்தாள். வயதானதால் அதற்குக் குணங்கள் கொஞ்சம் அதிகம். இடைவெளி விடும் பட்டனை இரண்டு முறை தட்டினால்தான் ஒருமுறை கேட்கும். ஹெட்போன் வயரைப் பாதி செருகினால் பாடும், முழுதாகச் செருகினால் ஊமையாகிவிடும். அவசரமாக ஏதாவது செய்யும்போதுதான் ‘அப்டேட் நடக்கிறது, காத்திருக்கவும்’ என்று வட்டம் சுற்றும்.

ஸ்க்ரூவுக்கு இதெல்லாம் கோபம் தருவதில்லை. ‘ஏன் இப்படிச் செய்கிறது?’ என்று கண்டுபிடிக்கும்வரை அவளுக்குச் சோறு இறங்காது, அவ்வளவுதான்.

இப்போது அந்த லேப்டாப் புதிதாக ஒரு குணம் காட்டியது. அத்தை உட்கார்ந்தால் தூங்கிவிடும்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. இவர்கள் வீட்டிலேயே இருப்பவர். தையலில் கெட்டிக்காரி. அவர் வேலை பார்த்த தையல் கடையை மூடிவிட்டார்கள். அதன்பிறகு, நாடக உடைகள் தைக்கும் ஒரு நிறுவனத்தில் வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை ஒன்று காலியாக இருந்தது. துணியை எப்படி வெட்டுவது என்று கம்ப்யூட்டரில் வரைந்து அனுப்ப வேண்டும். அத்தை அதற்கு விண்ணப்பித்திருந்தார். இந்த லேப்டாப்பில்தான் வீடியோ நேர்காணல்.

புதன்கிழமை நேர்காணல் பாதியில், டிக்! திரை இருண்டது. எழுப்பினார்கள். மறுபடியும் டிக்!

நிறுவனத்து மேலாளர் நல்ல பெண்மணி. போனில் கூப்பிட்டு, “சனிக்கிழமை பதினொரு மணிக்கு இன்னொரு தடவை பார்ப்போம். அன்னைக்கும் சரியா வரலைன்னா வேற ஆளைப் பார்க்க வேண்டியதுதான்” என்றார்.

“நான் தொட்டாலே தூங்குதே! எனக்கும் கம்ப்யூட்டருக்கும் ஆகாது” என்று அத்தை முகம் வாடிப்போனார்.

“அத்தைக்குக் கைராசி இல்ல” என்றான் தம்பி. ஏழு வயது. நாக்கில் பூட்டு கிடையாது.

“வாயை மூடுடா!” என்று ஸ்க்ரூ அவன் தொடையில் கிள்ளினாள். ஆனால் அத்தை அதைக் கேட்டுவிட்டார். எழுந்து தையல் மெஷின் பக்கம் போய்விட்டார். ஸ்க்ரூவுக்கு மனசு கேட்கவில்லை. அது அவள் உயிர் கொடுத்த லேப்டாப். அது போய் அத்தையை அழவைக்கலாமா?

வியாழக்கிழமை பள்ளி விட்டு வந்ததும் ஆராய்ச்சி தொடங்கியது. தூங்கும் நேரத்துக்கான செட்டிங்கில் ‘ஒருபோதும் தூங்காதே’ என்று மாற்றினாள். அத்தை வந்து உட்கார்ந்தார். டிக்!

“தூங்குமூஞ்சி!” என்று லேப்டாப்பைத் திட்டினான் தம்பி. அன்றிலிருந்து அதுவே அதன் பெயராகிவிட்டது.

சார்ஜர் வயரை மாற்றினாள். மேசையை மாற்றினாள். நாற்காலியையும் மாற்றினாள். கடைசியில் ஆளையே மாற்றிப் பார்த்தாள்.

“டேய், நீ அத்தை மாதிரி உட்காரு.”

தம்பிக்கு இது போதாதா? அத்தையின் சால்வையைப் போர்த்திக்கொண்டான். கண்ணாடியை மூக்கு நுனியில் மாட்டிக்கொண்டான். “ஐயோ, இந்த மெஷினுக்கு என்ன கேடு வந்துச்சோ!” என்று அத்தை குரலிலேயே பேசிக்கொண்டு தட்டினான். தூங்குமூஞ்சி முழித்துக்கொண்டே இருந்தது.

கதவோரம் நின்று பார்த்த அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நான் அப்படியா பேசறேன்?”

“அத்தை, உங்ககிட்ட எப்பவுமே தூங்கிடுதா?” என்று கேட்டாள் ஸ்க்ரூ.

அத்தை யோசித்தார். “இல்லையே. காலைல குளிச்சிட்டு வந்து உட்கார்ந்தா ஒழுங்கா இருக்கு. தைக்க ஆரம்பிச்ச பிறகு, நடுவுல வந்து உட்கார்ந்தாத்தான் இப்படி.”

ஸ்க்ரூவின் காது விடைத்தது. காலையில் இல்லாத எது மதியம் வருகிறது? தையல் மெஷின் ஓடுவதாலோ? தம்பியை மெஷினை ஓட்டச் சொல்லிவிட்டுப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை, தம்பி ஒரு கைக்குட்டையைத் தன் டிரவுசரோடு சேர்த்துத் தைத்ததைத் தவிர.

வெள்ளிக்கிழமை மாலை அவள் சும்மா உட்கார்ந்து அந்த ‘டிக்’கைப் பற்றியே யோசித்தாள். தூங்குமூஞ்சி தானாகத் தூங்கும்போது முதலில் திரை மங்கும், பிறகுதான் அணையும். சத்தமே வராது. ‘டிக்’ என்று சட்டென்று அணைவது ஒரே ஒரு சமயத்தில்தான். மூடியை மூடும்போது!

மூடிப் பார்த்தாள். டிக். திறந்தாள். மறுபடி மூடினாள். டிக்.

“அத்தை உட்கார்ந்தா, இது மூடியை மூடிட்டாங்கன்னு நினைக்குது!” என்றாள்.

“மூடி திறந்துதானே இருக்கு? அதுக்குக் கண்ணு தெரியாதா?” என்றான் தம்பி.

“அதுக்கு எங்கடா கண்ணு? ஆமா... கண்ணில்லாம, மூடி மூடிடுச்சுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?”

நல்ல கேள்வி. மூடி வந்து அழுத்துகிற மாதிரி பட்டன் ஏதாவது இருக்கிறதா என்று ஓரமெல்லாம் விரலால் தடவினாள். ஒன்றும் இல்லை. எல்லாம் வழவழவென்றிருந்தது. ஆனால் இடது ஓரத்தில் விரலில் ஏதோ சுருக்கென்றது. மூடியின் விளிம்பில் ஒரு குண்டூசி ஒட்டிக்கொண்டிருந்தது.

அத்தை தைக்கும் வீட்டில் குண்டூசிக்கா பஞ்சம்? ஆனால் இது தொங்கிக்கொண்டிருந்தது. பசையும் இல்லை, நூலும் இல்லை. பிடுங்கிவிட்டு அருகே கொண்டுபோனாள். டப்பென்று மறுபடி ஒட்டியது.

“காந்தம்! மூடிக்குள்ள காந்தம் இருக்குடா! மூடினா அது கீழ வருது. கீழ இருக்கிற ஏதோ ஒண்ணு, ‘காந்தம் வந்துடுச்சு, மூடியாச்சு, தூங்கலாம்’னு நினைச்சுக்குது!”

ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த வாழைப்பழப் பொம்மைக் காந்தத்தைப் பிய்த்துக்கொண்டு ஓடிவந்தாள். கீபோர்டின் ஓரமாக மெல்ல நகர்த்தினாள். வலது பக்கம் ஒன்றுமில்லை. நடுவிலும் ஒன்றுமில்லை. இடது மூலையில், மணிக்கட்டு வைக்கும் இடத்தில், டிக்!

“வாழைப்பழத்துக்கும் கைராசி இல்ல!” என்று கத்தினான் தம்பி.

அதே நேரம் அடுத்த அறையில் அத்தையின் குரல் கேட்டது. “நிறுவனத்துலதானே பேசறது? மேலாளர் அம்மாவைக் கொஞ்சம் கூப்பிடறீங்களா? நாளைக்கு நான் வரலைன்னு சொல்லணும்...”

ஸ்க்ரூ பாய்ந்து போனாள். அத்தை போனைக் காதில் வைத்தபடி நின்றிருந்தார். போன் இருந்தது வலது கையில். இடது மணிக்கட்டில், தைக்கும்போதெல்லாம் கட்டிக்கொள்ளும் பட்டை. அதன் வட்டமான தகட்டில் ஏழெட்டுக் குண்டூசிகள் சிலிர்த்துக்கொண்டு நின்றன. ‘அத்தையோட முள்ளம்பன்றி’ என்று தம்பி தினமும் கேலி செய்யும் பட்டை. தினமும் பார்த்ததாலேயே யார் கண்ணிலும் படாமல் இருந்த பட்டை.

“அத்தை! உங்க முள்ளம்பன்றியில ஊசி எப்படி நிக்குது?”

“இதென்ன கேள்வி? காந்தம்தான்... ஒரு நிமிஷம் இருங்க மேடம்...”

“அந்தக் கையைக் கொஞ்சம் கொடுங்க!”

போனும் கையுமாக அத்தையை இழுத்து வந்து, இடது கையைத் தூங்குமூஞ்சியின் ஓரத்தில் வைத்தாள். டிக். கையை எடுத்தாள். பட்டனைத் தட்டி எழுப்பினாள். மறுபடி வைத்தாள். டிக்.

அத்தை பட்டையைப் பார்த்தார். லேப்டாப்பைப் பார்த்தார். பிறகு போனில், “ஒண்ணுமில்ல மேடம். நாளைக்குப் பதினொரு மணிக்குச் சரியா வந்துடுவேன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன்” என்றார்.

“அப்போ நாளைக்கு அதைக் கழட்டி வச்சிடுங்க” என்றான் தம்பி.

அத்தை பட்டையைக் கழற்றிவிட்டு மவுஸைப் பிடித்துப் பார்த்தார். இரண்டு கோடு வரைவதற்குள் கை மணிக்கட்டைத் தேடிப் போனது. “வேலை கத்துக்கிட்ட நாள்லேருந்து இதோடவே இருந்துட்டேன். இது இல்லாம வேலை செஞ்சா என் கை மாதிரியே இல்ல” என்றார் கொஞ்சம் வெட்கத்தோடு.

ஸ்க்ரூ தலையைச் சொறிந்தாள். “நீங்க எதுக்குக் கழட்டணும்? தூங்குமூஞ்சி மாறட்டும்.”

செட்டிங்கைத் திறந்தாள். ‘மூடியை மூடினால் என்ன செய்ய வேண்டும்?’ என்ற இடத்தில் ‘தூங்கு’ என்று இருந்ததை ‘ஒன்றும் செய்யாதே’ என்று மாற்றினாள். அத்தை முள்ளம்பன்றியைக் கட்டிக்கொண்டு கையை வைத்தார். சத்தமே இல்லை.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கே ஸ்க்ரூ தூங்குமூஞ்சியை எழுப்பிவிட்டாள். நினைத்தது போலவே அப்டேட் வட்டம் சுற்றத் தொடங்கியது. “சுத்து, நல்லா சுத்து. பதினொரு மணிக்குள்ள சுத்தி முடிச்சிடு” என்று பக்கத்திலேயே காவல் இருந்தாள். முடிந்ததும், மாற்றிய செட்டிங் மாறாமல் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

பதினொரு மணிக்கு மேலாளர் திரையில் வந்தார். “ஒரு நாடகத்துல ராஜா வாள் சண்டை போடணும். கையைத் தூக்கினா சட்டை கிழியக்கூடாது. எப்படி வெட்டுவீங்க?”

அத்தை மவுஸைப் பிடித்தார். இடது கை பழக்கத்தில் மூலையில் போய் அமர்ந்தது. கட்டிலுக்குப் பின்னால் ஒளிந்திருந்த அக்காவும் தம்பியும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

திரை அப்படியே இருந்தது.

“அக்குள்கிட்ட ஒரு சின்ன சதுரத் துண்டு வச்சுத் தைக்கணும் மேடம். அப்போ ராஜா எத்தனை தடவை வேணும்னாலும் கையைத் தூக்கலாம்” என்று அத்தை வரைந்து காட்டினார். வரைய வரைய அவர் குரலில் இருந்த நடுக்கம் போய்விட்டது. ராஜாவுக்கு முடிந்து, சேவகர்களுக்கும் தானாகவே வரைய ஆரம்பித்துவிட்டார்.

“போதும், போதும்! திங்கட்கிழமையிலிருந்து வேலையை ஆரம்பிச்சிடுங்க. ஆமா, அது என்ன உங்க கையில முள்ளு முள்ளா?”

“இதுவா? எங்க வீட்டு முள்ளம்பன்றி மேடம்!”

கட்டிலுக்குப் பின்னாலிருந்து தம்பி கை தட்டிவிட்டான். ஸ்க்ரூ அவன் வாயைப் பொத்துவதற்குள் மேலாளரும் சிரித்துவிட்டார்.

திங்கட்கிழமை மாலை ஸ்க்ரூ பையை எறிந்துவிட்டு மேசைக்கு ஓடினாள். அங்கே அத்தை உட்கார்ந்திருந்தார். திரையில் ஒரு மந்திரியின் அங்கி பாதி வரைந்து கிடந்தது.

“அத்தை, ஒரு பத்து நிமிஷம் எனக்கு...”

“கொஞ்சம் பொறு செல்லம். என் லேப்டாப்ல வேலை ஓடிட்டிருக்கு.”

“உங்க லேப்டாப்பா?” என்று வாயைத் திறந்த ஸ்க்ரூ, அத்தையின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் மூடிக்கொண்டாள். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

இருட்டத் தொடங்கிய பிறகும் தூங்குமூஞ்சி கண்ணை மூடவில்லை. அத்தையும் எழுந்திருக்கவில்லை.