சுண்டுவிரலில் தூக்கிய லெப்டொப்

"அண்ணி, அந்த லெப்டொப்ப எடுத்து மாதா படத்துக்கு முன்னால வைங்க. ஜெபத்த முடிச்சிட்டுக் கெளம்புவோம். காலை பஸ்ஸ விட்டா அப்புறம் வெயில்லதான் போகணும்."

ரெஜினோல்ட் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னான். அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த சூசையம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது. ரொட்டி கருகி வாசம் வந்த பிறகுதான் திருப்பிப் போட்டாள்.

"ஆகட்டும் தம்பி... மொதல்ல சாப்பிடுங்க. சம்பல் இடிச்சி வச்சிருக்கேன்..."

நேற்று மாலை கொழும்பிலிருந்து அவன் வந்து இறங்கியதிலிருந்தே இதே கதைதான். லெப்டொப் எங்கே என்று அவன் கேட்பான். தேத்தண்ணி குடிங்க என்பாள் இவள். பொய் சொல்லத் தெரியாதவளுக்கு ஒரு ரகசியத்தைக் கொடுத்தால் அவள் வேறு என்னதான் செய்வாள், பாவம்!

இன்றைக்கு அவள் மகள் சரோன் கெம்பஸில் சேரப் போகிறாள். ஓப்பநாயக்கப் பக்கத்து அந்தத் தேயிலைத் தோட்டத்தில் நில அளவை படிக்கப் போகும் முதல் பிள்ளை. லயத்து வரிசை வீடுகளை விட்டு யாராவது தூரமாகக் கிளம்பினால், அவர்கள் கொண்டுபோகும் பொருளைச் சாமி படத்தின் முன் வைத்து, அக்கம்பக்கத்தார் எல்லோரும் தொட்டுக் கும்பிட்டு அனுப்புவது அங்கே வழக்கம். வெளிநாட்டுக்குப் போன பெண்களின் பாஸ்போர்ட்டைக்கூட அப்படித் தொட்டுத்தான் அனுப்பினார்கள். இன்றைக்கும் வாசலில் ஆட்கள் கூடிவிட்டார்கள். அவள் புருசன் தேவதாசன் சவரம் செய்த முகத்தோடு நடுவில் பெருமையாக நின்றிருந்தான். மகளைப் பெற்றவன் அல்லவா!

சரோன் மட்டும் சுவரோரம் தலையைக் குனிந்து நின்றாள். சூசையம்மா ஒரு தடவை மகளைப் பார்த்தாள். மகள் நிமிரவில்லை.

"என்னா அண்ணி, எடுங்களேன்! எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க."

வாசலில் நின்ற பக்கத்துக் காம்பரா வீட்டு மல்லிகாவுக்கு அதற்கு மேல் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"அதத்தான் அக்கா போன சனிக்கெழம பெல்மதுளைக்குக் கொண்டு போனாங்களே! நான் பஸ்ஸுக்கு நின்னேன். கம்பியூட்டர் விக்கிற கடைக்குள்ள போனாங்க. அதுக்குள்ள பஸ் வந்திருச்சி... நான் ரிப்பேராக்கும்னு நெனச்சேன்."

ரெஜினோல்டின் முகம் மாறியது. "ரிப்பேரா? புதுச் சாமானுக்கு என்னா ரிப்பேர்? அண்ணி... எங்க அது?"

சூசையம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். கட்டிலுக்கடியில் கையை விட்டு, அரிசிச் சாக்குக்குப் பின்னாலிருந்து ஒரு கறுப்புப் பையை இழுத்தாள். இரண்டு கையாலும் தூக்கி மேசையில் வைத்தாள். மேசை ஆடியது. பைக்குள்ளிருந்து எடுத்தது தடித்த, கறுத்த, மூலையில் கீறல் விழுந்த ஒரு லெப்டொப்.

"இதான் தம்பி இருக்கு. அதக் குடுத்து இத மாத்திட்டேன்."

வாசலில் நின்றவர்கள் தலையை நீட்டி எட்டிப் பார்த்தார்கள்.

ரெஜினோல்ட் கொண்டுவந்தது அப்படியா இருந்தது! ஈஸ்டருக்கு வந்தபோது வெள்ளி நிறத்தில், வெற்றிலைத் தட்டு மாதிரி மெல்லிசாக ஒன்றைக் கொண்டுவந்தான். கோயிலுக்கு எடுத்துப் போய் ஃபாதரிடம் மந்திரித்து வாங்கினான். இறந்துபோன அம்மாவின் கழுத்தில் கிடந்த மாதா பதக்கத்தை அதன் உறையில் கட்டிவிட்டான். பிறகு இதே வாசலில் நின்று, அதைச் சுண்டுவிரலால் தூக்கிக் காட்டினான்.

"பாருங்க அண்ணி! கடையில இருந்தது எல்லாத்தையும் ஒவ்வொண்ணாத் தூக்கித் தூக்கிப் பாத்தேன். கடைக்காரன் சிரிச்சான். சிரிக்கட்டும்! அம்மா கொழுந்துக் கூடை சுமந்தே கழுத்துப் போயி செத்தாங்க. நீங்களும் சுமந்துக்கிட்டு இருக்கீங்க. நம்ம வீட்டுல ஒரு பொம்பளப் பிள்ளையாவது கனமான எதையும் சுமக்கக் கூடாது அண்ணி... கூடவே கூடாது!"

சொல்லும்போதே அழுதுவிட்டான். சூசையம்மாவும் அழுதாள். அம்மா செத்தபோது பத்து வயசுப் பையனாக இருந்தவனை, புதுப்பெண்ணாக அந்தக் காம்பராவுக்குள் வந்த நாளிலிருந்து வளர்த்தவள் அவள்தானே.

அப்படிக் கொடுத்த பொருளைத்தான் மாற்றிவிட்டு நிற்கிறாள்!

"மாத்திட்டீங்களா?" ரெஜினோல்டின் குரல் உடைந்தது. "ஃபாதர் மந்திரிச்சுக் குடுத்த சாமான... அம்மா பேரச் சொல்லிக் குடுத்தத... எவனோ பாவிச்சுப் போட்ட இந்தப் பழைய செங்கல்லுக்கா மாத்தினீங்க? அதுல பாதி வெல கூட வராதே இது! மிச்சக் காசு எங்க அண்ணி?"

"மிச்சம்னு ஒண்ணும் இல்ல தம்பி. ஒண்ணுக்கு ஒண்ணுதான் மாத்தினது."

"பொய் சொல்லாத!" தேவதாசன் பாய்ந்து முன்னால் வந்தான். "புளத்கொகுபிட்டியில ஒன் அண்ணன் கூரைத் தகரம் மாத்தணும்னு கேட்டான்ல? அவனுக்குத்தானே குடுத்த? சொல்லுடி! என் தம்பி ஒழைச்ச காச ஒன் பொறந்த வீட்டுக்கா கொட்டுற? இந்த வீட்டுக்குள்ளேயே திருடியா?"

திருடி! இத்தனை பேர் முன்னால், கட்டின புருசன் வாயிலிருந்து! அவள் சம்பளத்தில் தனக்கென்று ஒரு நல்ல சேலை எடுத்ததில்லை. ரெஜினோல்டின் பள்ளிக்கூடச் சப்பாத்தும், பரீட்சைக் காசும், கொழும்புக்குப் போன முதல் பஸ் டிக்கட்டும் எங்கிருந்து வந்தன என்று அந்த ஆளுக்குத் தெரியாதா?

தெரியும். ஆத்திரம் வந்தால் எல்லாம் மறந்துபோகும் சில ஆம்பளைகளுக்கு.

சூசையம்மா ரெஜினோல்டைத்தான் பார்த்தாள். அவனாவது அண்ணனை அடக்குவான் என்று ஒரு நப்பாசை.

"நான் ஒங்கள அம்மான்னு நெனச்சேன் அண்ணி..." அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "அம்மாவா இருந்தா இப்படிச் செஞ்சிருப்பாங்களா?"

அந்த ஒரு வார்த்தை போதும். வாயைத் திறந்தால் உண்மை வந்துவிடும். உண்மை வந்தால் மகளுக்கும் சித்தப்பாவுக்கும் இடையில் விரிசல் விழும். மாதா படத்தின் மேல் கை வைத்து மகளுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறாளே!

"நான்தான் மாத்தினேன். என் இஷ்டத்துக்கு மாத்தினேன்," என்றாள். "வேற எதுவும் கேக்காதீங்க. பிள்ளைய நீங்க ரெண்டு பேரும் கூட்டிட்டுப் போய் விட்டுட்டு வாங்க. நான் வரல."

பெட்டியிலிருந்து எடுத்து வைத்திருந்த நீலச் சேலையை மடித்து மறுபடியும் உள்ளே வைத்தாள். மகளை விட்டுவரப் போவதற்காக அன்றைக்கு வேலைக்கு லீவு போட்டிருந்தாள். கொடியில் கிடந்த படங்குச் சாக்கை எடுத்து இடுப்பில் சுற்றினாள். கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டினாள். அந்தக் கயிறு அழுந்தி அழுந்தி உச்சந்தலையில் முடி கொட்டிப்போன இடம் எல்லோருக்கும் தெரிந்தது. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. யாரையும் பார்க்காமல் படியிறங்கினாள்.

"அம்மா...! போகாதீங்கம்மா!"

சரோன் ஓடிவந்து படியிலேயே விழுந்து தாயின் காலைக் கட்டிக்கொண்டாள்.

"நான்தான் சித்தப்பா! நான்தான் மாத்தச் சொன்னேன்! அம்மா ஒண்ணும் செய்யல... ஐயோ, எங்கம்மாவத் திருடின்னு சொல்லாதீங்கப்பா!"

"சும்மா இரு சரோன்!" என்றாள் சூசையம்மா.

"இல்லம்மா, நான் சொல்லியே தீருவேன்! அன்னைக்கே சொல்லியிருக்கணும்... எனக்குத் தைரியம் வரல."

அழுகைக்கு நடுவில் ஒவ்வொன்றாகச் சொன்னாள். முதல் கூட்டத்துக்குக் கெம்பஸ் போனபோதே என்ன மாதிரி லெப்டொப் தேவை என்று சொல்லிவிட்டார்கள். மலையை, ஆற்றை, ரோட்டை அளந்து படமாக்குகிற சொப்ட்வெயாரைச் சித்தப்பா வாங்கிய லெப்டொப் ஏற்கவே மாட்டேன் என்றது. சின்னதாக வேறொன்றைப் போட்டுப் பார்த்தாள். பாதியிலேயே சூடாகி நின்றுபோனது. மெமரியைக் கூட்டலாம் என்றால் அதைத் திறக்கவே வழியில்லை, எல்லாம் ஒட்டிச் செய்தது.

"பெல்மதுளைக் கடைக்கார றிப்னா அக்கா மொதல்ல கேட்டதே, என்ன வேலைக்குன்னுதான் சித்தப்பா. வெலையும் கேக்கல, கலரும் கேக்கல. 'இது படம் பாக்க, கடிதம் அடிக்க, ஒஃபீசுக்குக் கொண்டுபோக எடுப்பான சாமான் தங்கச்சி, ஒங்கட படிப்புக்கு இது சரிவராது'ன்னாங்க. இது பழசுதான். ஆனா உள்ளுக்குத் தனிக் கிராபிக்ஸ் இருக்கு, மெமரி பதினாறு இருக்கு, பிறகு கூட்டவும் எடம் இருக்கு. அதான் வெலயும் அதுக்கு இது சரியாப் போச்சி. பெட்டரி கொஞ்ச நேரம்தான் நிக்கும். கனமும்தான். ஆனா என் படிப்புக்கு இதுதான் சித்தப்பா வேணும்."

"அப்ப எங்கிட்டச் சொல்றதுக்கு என்னா?" ரெஜினோல்ட் கத்தினான். "நான் என்னா அந்நியனா?"

"எப்படிச் சொல்லுவேன்? கனமில்லாததாப் பாத்து வாங்கினேன்னு நீங்க அழுதீங்களே! கனமானதுதான் வேணும்னு எந்த வாயால சொல்லுவேன்? அம்மாதான் சொன்னாங்க... 'ஒன் பேரு வேணாம், நான் மாத்தினேன்னே இருக்கட்டும். கெம்பஸ் போயி கொஞ்ச நாள் கழிச்சி நீயே சித்தப்பாகிட்ட மெதுவாச் சொல்லு. இப்ப அவரு மனசு ஒடஞ்சிரும்'னு..."

வாசலில் நின்ற மல்லிகா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சரோன் எழுந்துபோய் அந்தக் கறுப்பு லெப்டொப்பைத் திறந்தாள். கொஞ்ச நேரம் காற்றாடி மாதிரி இரைந்தது. பிறகு திரையில் ஒரு மலை எழுந்தது. பச்சைக் கோடுகளால் வரைந்த மலை. விரலை நகர்த்தினாள், மலை திரும்பியது.

"நம்ம மலைதான் சித்தப்பா. இதோ கொழுந்து நிறுக்கிற மடுவம். இதோ லயம். பழகிப் பாத்தேன். நீங்க வாங்கினதுல இது அசையவே இல்ல."

ரெஜினோல்ட் திரையைப் பார்க்கவில்லை. பையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பையின் காதில், சிவப்பு நூலால், அம்மாவின் மாதா பதக்கம் கட்டியிருந்தது. முடிச்சு சூசையம்மா போட்டது. அவன் சின்ன வயசில் சப்பாத்துக் கயிற்றுக்கு அவள் போட்டுக்கொடுத்த அதே இரட்டை முடிச்சு.

அவன் படியிறங்கி வந்தான். அவள் தலையிலிருந்த கயிற்றைக் கழற்றி, கூடையைக் கீழே வைத்தான்.

"அண்ணி... பெரிய பாவம் பண்ணிட்டேன் அண்ணி! சாமானத் தூக்கித் தூக்கிப் பாத்தேனே, பிள்ளகிட்ட ஒனக்கு என்னா வேணும்னு ஒரு வார்த்த கேக்கலியே! இப்ப ஒங்களயும்... ஒரு வார்த்த கேக்காம..."

"கேட்டிருக்கலாம் தம்பி," என்றாள் சூசையம்மா. காலையிலிருந்து அடக்கியது அப்போதுதான் உடைந்தது. "அம்மாவா இருந்தா இப்படிச் செய்வாங்களான்னு கேட்டீங்களே... அம்மாவா இருந்ததுனாலதான் தம்பி செஞ்சேன்! ரெண்டும் என் பிள்ளைங்க. எதுக்கும் மனசு நோகக் கூடாதுன்னு பாத்தேன். நீங்க பாசமாத்தான் வாங்கினீங்க. அது எனக்குத் தெரியாதா?"

அவன் அவள் தோளில் முகத்தைப் புதைத்துக் குழந்தை மாதிரி அழுதான். சரோன் இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். வாசலில் நின்ற பெண்களும் அழுதார்கள்.

தேவதாசன் மட்டும் கதவருகே நின்றான். பிறகு உள்ளே போய், ஒரு கோப்பைத் தேத்தண்ணியோடு வந்து அவள் முன்னால் நீட்டினான்.

"சூசை... ஆத்திரத்துல..."

அவள் கோப்பையை வாங்கினாள். குடிக்கவில்லை. படியிலேயே வைத்தாள்.

"தம்பி சொன்னத அழுது தீத்துட்டேன். நீங்க சொன்னது அப்படித் தீராதுங்க. நாளாகும்." குரலில் கோபம் இல்லை. "பிள்ளையோட மெத்தையத் தூக்கிட்டு வாங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சி."

உள்ளே போய் நீலச் சேலையை மறுபடியும் எடுத்தாள். ஜெபம் சொன்னார்கள். எல்லோரும் அந்தக் கறுப்பு லெப்டொப்பைத் தொட்டுக் கும்பிட்டார்கள்.

சந்திக்கு இறங்கும் வழி முழுக்க ரெஜினோல்ட்தான் அந்தப் பையைச் சுமந்தான். சரோன் கேட்டும் கொடுக்கவில்லை. தேவதாசன் மெத்தையோடு பத்தடி பின்னால் வந்தான். பஸ் வந்ததும் கண்டக்டர் பையைப் பார்த்து, சிங்களத்தில், "பேக் எக்க உடின் தியன்ன மல்லி," என்று மேல்தட்டைக் காட்டினான்.

"எப்பா... மம அல்லன் இன்னம்," என்று, தானே பிடித்துக்கொள்வதாகத் தலையாட்டி மறுத்த ரெஜினோல்ட், உட்கார்ந்து பையை மடியிலேயே வைத்துக்கொண்டான். பக்கத்தில் சூசையம்மா. முன் சீட்டில் மகள். பின்னால் மெத்தையோடு தேவதாசன்.

பஸ் கிளம்பியது. வளைவுகளில் அந்தக் கனம் அவன் தொடையை அழுத்தியது.

"ரொம்பக் கனம்தான் அண்ணி."

"காலு வலிக்குமே... கொஞ்ச நேரம் இங்க குடுங்க தம்பி."

"நீங்க பேசாம இருங்க," என்றான் அவன். "இன்னைக்கு ஒரு நாளாவது நீங்க எதையும் தூக்கக் கூடாது."

வெறுங்கை இரண்டையும் மடியில் என்ன செய்வதென்று தெரியாமல், சூசையம்மா வழி முழுக்க அழுதுகொண்டே வந்தாள்.